உருண்டு வந்த பந்து

தெருவோரம் படுத்திருக்கும் நாயின் எதிரே, கீழே விழுந்த நாணயத்தை எடுப்பதற்காக ஒருவர் குனிந்தால் போதும்; அது எழுந்து விலகிவிடும். அவர் கையில் கல் இருக்கவேண்டும் என்பதில்லை. குனிவதே அதற்குக் கல்தான். நம் நாட்டின் எத்தெருவிலும் காணத்தக்க காட்சி இது. வடசென்னையின் எர்ணாவூரிலோ கல்லுக்குக் குறைவே இல்லை. கிழக்கே, நிலத்தைக் கடல் தின்றுவிடாதிருக்கக் கரைநெடுகக் கருங்கற்களைக் கொட்டி அரணிட்டிருக்கிறார்கள். கடலுக்குள் கைநீட்டிக் கிடக்கும் கல்வரிசைகளைத் தூண்டில் வளைவு என்கின்றனர் மீனவர்கள். கரையை ஒட்டி எண்ணூர் விரைவுச்சாலை. அதில் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் நெடுவரிசை. மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவற்றிற்கு இடைப்பட்ட தெருக்களில் சிறுவர்க்கே விளையாட இடம் போதாது, நாய்க்கு ஏது?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் மீனவக் குடும்பங்களுக்காக எழுந்த அடுக்குக் குடியிருப்புகள் எர்ணாவூரில் உண்டு. அவற்றுள் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் மணி வாழ்கிறது. பழுப்பு நிறம், இடக்காது மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது, ஒரு மழைநாளில், நின்றிருந்த லாரியின் அடியிலிருந்து அதனை எடுத்து வந்தவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கால்நடை மருந்தகத்திற்குத் தூக்கிச்சென்று வெறிநோய்த் தடுப்பூசி போடச்செய்தவளும் அவளே. ஆயினும், வீட்டில் சேருமுன் தெரு கற்பித்த பாடத்தை மணி மறக்கவில்லை.

திருவொற்றியூர்த் தேரடியில் ஒரு கடையில் அவள் சிவப்பு ரப்பர்ப் பந்து ஒன்றை வாங்கினாள். வாய்க்குள் கவ்வும் அளவினதா, தொண்டைக்குள் இறங்கிவிடாத பருமன் உடையதா என்று பார்த்தே வாங்கினாள். ரப்பர் விளையாட்டுப் பொருள் அப்பகுதிக்குப் புதிதன்று. இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1946இல் அதே திருவொற்றியூரில், ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யும் சிறுதொழிலாகத்தான் தொடங்கிற்று.

மாலையில் குடியிருப்பின் நடுவே இருந்த சிமெண்டுத் தரையில் அவள் நின்றாள். மணி வாலை ஆட்டிக்கொண்டு எதிரே நின்றது. அவள் கையை உயர்த்தினாள். அவ்வளவே. வால் கால்களுக்கிடையே சென்றது. உடல் தரையோடு தாழ்ந்தது. பந்து கையைவிட்டுப் புறப்படுமுன்பே மணி படிக்கட்டின் அடியில் மறைந்துவிட்டது. சோறிடும் கை என்பதும், தடவிக்கொடுக்கும் கை என்பதும் அந்நொடியில் அதற்கு நினைவில்லை. ஓங்கிய கை மட்டுமே தெரிந்தது.

தமிழில் ‘எறிதல்’ என்னும் சொல்லுக்கு வீசுதல் என்றும் தாக்குதல் என்றும் பொருள் உண்டு. அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பொருள்களுள் இரண்டாவதை மட்டுமே தெருநாய் அறியும்.

கல்லெறிபவரையெல்லாம் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது; ஆனால் அது நேர்மையாகாது. இரவுப்பணி முடித்து ஆளரவமற்ற சாலையில் மிதிவண்டியில் திரும்பும் தொழிலாளியை நான்கு நாய்கள் துரத்தும்போது, அவர் உள்ளம் நடுங்குவது இயல்பே. நோய் முற்றி வெளிப்பட்டபின் காப்பாற்றுதல் ஏறத்தாழ இயலாத வெறிநோய், நம் நாட்டில் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் பரவுகிறது. மனிதர் நாயை அஞ்சிக் கல்லெடுக்கிறார். நாய் கல்லை அஞ்சிப் பல் காட்டுகிறது. இதில் முதலில் தொடங்கியவர் யார் என்று தீர்ப்பது கடினம்.

கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவருடைய குழுவினரும் தெருநாய்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். 2020இல் வெளியான அவர்களது ஆய்வொன்றில், பயிற்சி ஏதும் பெறாத 160 தெருநாய்களின் முன் இரு கிண்ணங்களை வைத்து, அவற்றுள் ஒன்றை ஒருவர் கையால் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழப் பாதி நாய்கள் அருகிலேயே வரவில்லை. துணிந்து வந்தவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, கை காட்டிய கிண்ணத்தை நோக்கிச் சென்றன. மனிதக் கையின் குறிப்பை உணரும் ஆற்றல் தெருநாய்க்கு உண்டு. வராத பாதியைத் தடுத்தது அச்சமே என்று ஆய்வாளர்கள் கருதினர். அதே குழுவினர் முன்னதாகச் செய்த மற்றோர் ஆய்வில், தெருநாய்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு உணவைக்காட்டிலும் அன்போடு தலையைத் தடவுவதே மிகுதியும் பயன்பட்டது.

நாயும் கல்லும் தமிழ் நிலத்தில் எக்காலத்தும் இவ்வாறே சந்தித்தன என்று எண்ணிவிடலாகாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காத்துநின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. அரசர் பலரின் பெயர்களே அழிந்துபோன நிலத்தில், ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

எர்ணாவூரில் மணியைப் படிக்கட்டின் அடியிலிருந்து வெளியே கொணரும் வழியைச் சொன்னவர் மாணவியின் ஆயா. மீன்கூடையைக் கழுவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்திருந்தவர் அவர். “கைய ஓங்காத கண்ணு. கீழ குந்திக்கினு உருட்டி உடு” என்றார். ஆய்வுக்கட்டுரை எதனையும் ஆயா படித்ததில்லை. மீன் இறங்கும் துறையில் அறுபது ஆண்டுகளாக நாய்களைக் கண்டு வருபவர்; அவ்வளவே.

அவள் தரையில் அமர்ந்தாள். கையைத் தாழ்த்திப் பந்தை மெல்ல உருட்டினாள். பந்து மணியின் முன்கால்களில் முட்டி நின்றது. மணி பின்வாங்கியது; மீண்டும் வந்து முகர்ந்தது. அன்று அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் மூக்கால் பந்தைத் தள்ளியது. பந்து நகர்ந்ததும் தானே திடுக்கிட்டுத் துள்ளியது. பிறகு முன்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நின்றது. நாய்கள் தமக்குள் ‘விளையாடலாம் வா’ என்று அழைக்கும் நிலை அது. மணி அவ்வாறு ஒருவரை அழைத்ததை அவள் அன்றுவரை கண்டதில்லை.

சிக்கல் வேறொன்றும் இருந்தது. ஓடும் பந்தை விரட்டும் மணி, அது நின்றதும் திகைத்தது. எதிரிலேயே கிடக்கும் பந்தைக் காணாமல் தரையை முகர்ந்து முகர்ந்து தேடிற்று. குறை மணியினுடையது அன்று. நிறங்களைப் பகுத்தறிய மனிதக் கண்ணில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. நாயின் கண்ணில் இருவகையே. நீலமும் மஞ்சளும் அதற்கு வேறுபட்டுத் தெரியும். நம் கண்ணைப் பறிக்கும் சிவப்போ மங்கிய பழுப்பாகிவிடும். நாய்க்கான பந்தைச் சிவப்பில் செய்பவர்கள், அதை வாங்குபவரின் கண்ணை நினைத்தே செய்கிறார்கள் போலும். டென்னிஸ் பந்து மஞ்சளாயிற்றே எனில், அதுவும் நாய்க்காக நேர்ந்ததன்று. தொலைக்காட்சி பார்ப்போர்க்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று 1972இல் அந்நிறம் ஏற்கப்பட்டது.

எறிந்த பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து தருவது நாய்களுக்கு மனிதர் பழக்கியது என்றே நெடுநாள் கருதப்பட்டது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் வளர்த்த எட்டுவார ஓநாய்க் குட்டிகள் 13இடம் பந்தை வீசிப் பார்த்தனர். பயிற்சி ஏதுமின்றியே மூன்று குட்டிகள், முன்பின் அறியாத ஒருவர் அழைத்தபோது பந்தைக் கொண்டுவந்து கொடுத்தன. 2020இல் இது வெளியானது. எஞ்சிய பத்தைப் போன்றதே மணியும். பந்தைக் கவ்வியவுடன் அதனைப் படிக்கட்டின் அடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அவள் தவழ்ந்து சென்று எடுக்கவேண்டும். அவள் எடுக்க வருவதைத்தான் அது விரும்புகிறதோ என்னவோ, வால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது பந்தின் ஒருபுறம் நிறையப் பல்தடங்கள். மாணவி நின்றுகொண்டே கையைத் தோளுயரம் வரை தூக்கினாலும் மணி ஓடுவதில்லை. காதுகளை மட்டும் பின்னால் மடிக்கிறது. பிறரிடம் அப்படியில்லை. செருப்பின் வாரைச் சரிசெய்ய வழிப்போக்கர் ஒருவர் குனிந்தாலும் பாய்ந்து படிக்கட்டின் அடியில் ஒளிந்துகொள்கிறது. பந்தை மட்டும் வாயிலிருந்து விடுவதில்லை.