எஞ்சினின் சாட்சியும் நமது அமானத்தும்



நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இன்று ஒரு சிறு கணினி இருக்கிறது. எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின், புதிய இரு சக்கர வாகனங்களிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் மறைந்துவிட்டது. முன்பு மெக்கானிக் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்ததை இப்போது மடிக்கணினியையும் ஒரு கேபிளையும் கொண்டு செய்கிறார்கள். நம் இளைஞர்கள் இதை டியூனிங் என்றும் ரீமேப் என்றும் சொல்கின்றனர்.

மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சிதம்பரத்தில் வாகனப் பட்டறை நடத்துகிறார். சென்ற ஆண்டு அவர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், டீசல் வண்டியில புகை வடிகட்டியைக் கழட்டிட்டு, மீட்டர்ல விளக்கு எரியாம சாஃப்ட்வேர்ல அணைச்சுத் தரச் சொல்றாங்க. நல்ல கூலியும் தர்றாங்க. இந்தச் சம்பாத்தியம் ஹலாலா?” என்று கேட்டார். பட்டறைக்காக வாங்கிய கடன் அவருக்கு இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். போகிற போக்கில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியன்று அது.

ஒரு பொருளின் உண்மை நிலையை விளங்கிக்கொள்ளாமல் அதற்குரிய சட்டத்தைக் கூறக் கூடாது என்பது ஃபிக்ஹு பாடத்தின் தொடக்கத்திலேயே நாங்கள் கற்கும் ஒழுக்கம். எனவே, “தம்பி, முதல்ல இதை எனக்குச் சொல்லிக்கொடு, பிறகு நான் பதில் சொல்றேன்” என்றேன். மதரஸாவுக்கு வார விடுமுறை தொடங்கும் வியாழன் மாலைகளில் கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று, அவருடைய பட்டறையில் அமர்ந்து கற்கத் தொடங்கினேன்.

முதலில் கற்றது, மாற்றுவதை அல்ல, வாசிப்பதை. காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி என்னும் இணைப்புத் துளை ஒன்று உண்டு. அதில் கேபிளைச் செருகினால், எஞ்சினின் சுழற்சி வேகம், குளிர்விக்கும் நீரின் வெப்பம், உள்ளே செல்லும் காற்றின் அளவு ஆகியவை எண்களாகத் திரையில் ஓடுகின்றன. கணினிக்குள் அட்டவணைகள் இருக்கின்றன. வரிசைதோறும் எஞ்சினின் வேகம். பத்திதோறும் அது சுமக்கும் பாரம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஓர் அட்டவணை எரிபொருளின் அளவைச் சொல்கிறது. மற்றொன்று தீப்பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்கிறது. டியூனிங் என்பது இந்த எண்களைத் திருத்துவதே.

இந்த எண்களில் விளையாட்டுக்கு இடமில்லை. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. முழுப் பாரத்தில் ஓடும்போது எரிபொருள் குறைந்தால் வெப்பம் ஏறும். தீப்பொறி உரிய நேரத்துக்கு மிக முந்தினால் எஞ்சினில் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் உண்டாகும். அது தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும். ஆகவே, எதையும் தொடுமுன் மூலக் கோப்பைப் படியெடுத்து இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். புதிய கோப்பை ஏற்றும்போது பேட்டரியின் மின்னழுத்தம் குறையாதபடி சார்ஜர் இணைத்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் அறுந்தால் கணினியே செயலிழந்து போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பதிவைப் படித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில் மென்பொருளால் மட்டும் கிடைக்கும் கூடுதல் சக்தி மிகக் குறைவு என்பதையும் அங்கேதான் அறிந்தேன். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இந்தக் கணினியின் கண் போன்றது, சைலன்சர் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார். எரிந்து வெளியேறும் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அது அளந்து சொல்ல, கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ சமன் செய்கிறது. இப்போது நம் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. அது முழுமையாக எரிய, 14.7க்குப் பதில் ஏறத்தாழ 13.5 மடங்கு காற்றே போதும். இந்த மாற்றத்தை உணர்ந்து எஞ்சினைக் காப்பதில் பெரும்பங்கு அந்தச் சென்சாருக்கு உண்டு. வாகனத்தில் கோளாறு ஏற்பட்டால் அதைக் குறியீடாகக் குறித்துவைத்து, மீட்டரில் மஞ்சள் விளக்கை எரியச் செய்வதும் இந்த ஏற்பாடுதான்.

சில வாரங்கள் கற்ற பின் எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்த விளக்கு ஒரு சாட்சி. எஞ்சினுக்குள் நடப்பதை நம்மிடம் உள்ளபடி சொல்லும் சாட்சி. டியூனிங் மென்பொருள் நம் கையில் இரண்டு ஆற்றல்களைத் தருகிறது: கோளாறைச் சரிசெய்யும் ஆற்றல் ஒன்று, சாட்சியின் வாயை அடைக்கும் ஆற்றல் மற்றொன்று. இரண்டுக்கும் அதே கேபிள், அதே திரை, ஏறக்குறைய அதே கூலி. சாட்சியத்தை மறைப்பதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலினிடையே எச்சரிக்கிறது. அது உள்ளத்தோடு தொடர்புடைய குற்றம் என்றே அங்கு சொல்லப்படுகிறது.

உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் இருந்த தந்திரத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. சோதனை நடக்கிறது என்பதை அக்காரின் மென்பொருள் உணர்ந்து அப்போது மட்டும் புகையை முழுமையாகக் கட்டுப்படுத்தும். சாலைக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வாகனங்களில் அது இருந்தது. இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; அதன் பேரில் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று பின்னர் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் செய்ததைத்தான், வடிகட்டியைக் கழற்றி விளக்கை அணைக்கும் சிறு பட்டறையும் செய்கிறது. அளவில் வேறுபாடு உண்டு, தன்மையில் இல்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று அவ்வணிகர் காரணம் சொன்னார். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். அதுபோலவே, டீசல் வண்டியின் வடிகட்டி அடைத்துக்கொள்வது உரிமையாளரின் பாவமன்று. அடைத்ததை மறைத்து, ஒன்றும் நடவாதது போல் ஓட்டுவதும் விற்பதும்தான் பாவம். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமையுண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் அய்ப்’ என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. ஓடிய கிலோமீட்டரை மென்பொருளால் குறைத்து வண்டியை விற்பது இந்த வகையிலேயே சேரும்.

இதில் ஏமாற்றப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களின் மக்கள் வேதிப்பொருள் நெடியைப் பற்றிப் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். காற்று கெட்டால் அதன் துன்பம் என்ன என்பதை நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சிதம்பரம் சாலையின் ஓரமாக மதரஸாவுக்கு நடந்து வரும் பிள்ளைகளின் முகம், வண்டியின் புகைக்குழாய் உயரத்திலிருந்து அதிகம் விலகி இல்லை. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

எனவே என் மாணவருக்கு நான் சொன்ன பதில் இது: “இந்த வேலையின் கூலி உனக்கு ஆகுமானது அல்ல. ஆனா இந்தக் கல்வி ஆகுமானது, அதை விட்டுடாதே.” டீசல் வடிகட்டியில் சேரும் கரி, சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிந்து தானே சுத்தமாகும்படி அமைக்கப்பட்டது. ஊருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அந்த வெப்பம் எட்டுவதில்லை, ஆகவே அடைக்கிறது. நெடுஞ்சாலையில் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட்டினாலே பல வண்டிகளில் அது நீங்கும். நீங்காவிட்டால், அதே மென்பொருளைக் கொண்டு வடிகட்டியைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்கலாம். ஒழுகும் இன்ஜெக்டர், தவறான எஞ்சின் ஆயில் போன்ற மூல காரணங்களையும் அதே கேபிள் வழியே வரும் எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அவர் ஏற்றுக்கொண்டார். அது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் மறுத்த வண்டிகள் வேறு பட்டறைகளுக்குச் சென்றன. சில மாதங்கள் கடன் தவணைக்கே திண்டாடினார். இப்போது கோளாறைக் கண்டறியும் வேலைக்காக அவரைத் தேடி வருகிறார்கள்; எனினும் முன்பு கிடைத்திருக்கக் கூடிய வருமானம் இன்னும் வரவில்லை. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்று மிம்பரில் நின்று சொல்வது எளிது. தவணை நாளன்று அதை நம்பி வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்று சொல்வது கடினம். அந்தப் பாடத்தை நான் அவரிடம்தான் கற்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இதில் ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள். 1121ஆம் ஆண்டளவில் அல்காஸினீ என்னும் முஸ்லிம் அறிஞர் தராசைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். தங்கத்தில் கலந்த கலப்படத்தையும் காட்டும் நுண்தராசு அதில் விவரிக்கப்பட்டது. அளவையை நுட்பமாக்கி உண்மையை வெளிக்கொணர்வது நம் மரபில் உள்ள கல்வியே. 2001இல் தொடங்கிய மெகாஸ்குவர்ட், பின்னர் வந்த ஸ்பீடுயினோ போன்ற, தாமே அமைத்துக்கொள்ளும் எஞ்சின் கணினிகள் உள்ளன. அவற்றைப் பழைய எஞ்சின் ஒன்றில் பொருத்திப் பட்டறையிலேயே பழகட்டும். சாலையில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி அதை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அத்துடன், எந்த எண்ணை மாற்றினாலும் சாட்சியை மட்டும் ஊமையாக்காதே என்றும் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் அறிவும் தொழிலும் அமானத் என்பதை உணர்ந்து, அளவில் நேர்மையுடன் நடக்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.