மூப்பும் உடலின் காவலும்

மூப்பு என்றதும் நரையும் திரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணாடி காட்டுவனவற்றையே மூப்பின் அடையாளங்களாகக் கொண்டு பழகிவிட்டோம். ஆயின் கண்ணாடிக்கு அகப்படாத மூப்பும் ஒன்றுண்டு. நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனம், முதல் நரை தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மூப்படையத் தொடங்கிவிடுகின்றது. மருத்துவ பீடத்து நண்பர்கள் இதனை என்னிலும் நன்கு எழுதுவர். வரலாறு பயிலும் நான் இத்துறையை எட்டிப் பார்க்க நேர்ந்தது என் அம்மம்மாவின் பொருட்டு.

78 வயதான அவருக்குச் சென்ற ஆண்டு வலப்புற விலாவிலே அக்கி கண்டது. முதுகிலிருந்து மார்புவரை ஒரு பட்டிபோலக் கொப்புளங்கள் எழுந்தன. உடலின் இடப்பாதியை அவை தொடவேயில்லை. மூன்று கிழமைகளிற் கொப்புளங்கள் உலர்ந்தன. வேதனையோ மாதக்கணக்கில் நின்றது. சேலைத் தலைப்பு உராய்ந்தாலே துடித்துப்போவார். சிறு வயதில் வந்த கொப்புளிப்பானின் வைரசே இதற்குங் காரணம் என்று வைத்தியர் கூறியதை அவர் நம்பவில்லை. "சின்னனிலை வந்து போன அம்மாள், இவ்வளவு காலமும் எங்கை மோனை இருந்தவ?" என்று என்னைக் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்ரர் என்னும் சிறு நகரிலே பொது வைத்தியராகத் தொழில் புரிந்த எட்கார் ஹோப்-சிம்சன். தம் பராமரிப்பிலுள்ளோரிடையே தோன்றிய அக்கி நோயை அவர் 16 ஆண்டுகளாகக் குறித்துவந்தார்; வயது ஏற ஏற நோயும் பெருகுவதைக் கண்டார். 1965 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருதுகோளின்படி, கொப்புளிப்பான் மாறிய பின்னரும் அதன் வைரசு உடலை விட்டு நீங்குவதில்லை. முண்ணாணுக்கு அருகேயுள்ள நரம்புத் திரட்டுக்களிலே ஒடுங்கிக் கிடக்கின்றது. அதனை அவ்வாறு ஒடுக்கி வைத்திருப்பது நிர்ப்பீடனமே. காவல் தளரும்போது வைரசு ஒரு நரம்பின் வழியே தோலை அடைகின்றது. அந்நரம்பு பரவிய இடத்தில் மட்டுமே கொப்புளங்கள் எழுகின்றன. பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. நான் இதனை விளக்கியபோது அம்மம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப அவ போகேல்லை" என்றார். ஹோப்-சிம்சனின் கருதுகோளை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

காவல் தளர்வது ஏன்? மார்புப்பட்டைக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமசு என்னும் உறுப்பொன்று உளது. நெடுங்காலம் அது பயனற்றதென்றே பலராலும் கருதப்பட்டது. பிறந்தவுடன் தைமசு நீக்கப்பட்ட எலிகள் தொற்றுக்களுக்கு எளிதில் இரையாவதை, இலண்டனில் ஆய்வு செய்த ஜாக் மில்லர் 1961 இற் காட்டினார். என்பு மச்சையிலே பிறக்கும் இளங்கலங்கள் தைமசுக்கு வந்து பயின்ற பின்னரே ரீ கலங்களாகின்றன. சொந்த உடலையே தாக்கக் கூடியனவும், எதற்கும் உதவாதனவும் அங்கேயே மடிகின்றன. 100க்கு 95க்கு மேற்பட்டவை தேறுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் இத்துணைக் கடுமையாகப் பரீட்சை நடத்தியதில்லை! விந்தை யாதெனில், நாம் இளமையின் உச்சியில் நிற்கும்போதே இக்கல்விக்கூடம் மூடப்படத் தொடங்குகின்றது. பூப்புப் பருவத்தின் பின்னர் தைமசு சுருங்கி, படிப்படியாகக் கொழுப்புக்கு இடங்கொடுக்கின்றது. இவ்விதழை வாசிக்கும் மாணவரிடத்தும் அது நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றது. புதிய ரீ கலங்களின் வரவு குறைய, முன்னரே பகைவரைச் சந்தித்துப் பழகிய கலங்கள் பெருகி இடத்தை நிரப்புகின்றன.

எனவே முதியவரின் நிர்ப்பீடனம் வலிமை குன்றியது என்று மட்டுஞ் சொல்லி அமைதல் பொருந்தாது. பழையதை நெடிது நினைவில் வைத்திருக்க அதனால் இயலும். புதியதைக் கற்பதிலேதான் அது பெரிதும் இடர்ப்படுகின்றது. வட அத்திலாந்திக்கிலுள்ள பரோத் தீவுகளில் 1846 இற் சின்னமுத்து பரவியபோது, டென்மார்க்கிலிருந்து சென்ற பீற்றர் பானும் என்ற இளம் வைத்தியர் அதனை ஆராய்ந்தார். 1781 இன் பின்னர் அந்நோய் அங்கு தலைகாட்டியதில்லை. மக்கள் 7,800 பேருள் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். ஆனால், 65 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவருள் ஒருவரேனும் மீண்டும் நோயுற்றதாகத் தாம் அறியவில்லை எனப் பானும் எழுதினார். 2020 இல் உலகைச் சூழ்ந்த கொவிட்-19 இதன் மறுபக்கம். அவ்வைரசு எவருக்குமே புதிது. வயது ஏறுந்தோறும் மரணமும் ஏறியது.

அவ்வாறாயின் கொப்புளிப்பானின் நினைவு மட்டும் மங்குவானேன் என்று கேட்கலாம். நினைவு ஒரே தன்மையதன்று. குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் பல்லாண்டுகள் நிலைக்கின்றன. அம்மம்மாவுக்குக் கொப்புளிப்பான் வெளியிலிருந்து மீண்டும் தொற்றாதது அவற்றாலேயாகலாம். நரம்பில் ஒடுங்கியதைக் காத்துநிற்பனவோ ரீ கலங்கள்; அவையே மூப்பில் முந்தித் தளர்கின்றன.

தளர்ந்ததைப் பயிற்றவே முடியாது என்பதுமில்லை. அக்கிக்கென 2006 இல் வந்த தடுப்பூசி 70 வயதைக் கடந்தோரிடையே நோயை 100க்கு 38 அளவிலேயே குறைத்தது. 2017 இல் வந்த மற்றொன்று வைரசின் ஒரேயொரு புரதத்துடன், சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து பெறும் பொருளையுஞ் சேர்த்து, நிர்ப்பீடனத்தை வலிந்து எழுப்புகின்றது. அதே வயதினரில் அதன் பயன் 100க்கு 90ஐ அண்மித்தது. மாணவர் முதியவராயினும் ஆசிரியர் வல்லவராயிற் பாடம் ஏறுகின்றது போலும்.

வீடுகளிலே பலரும் கவனியாத செய்தி ஒன்றும் உண்டு. காய்ச்சல் என்பது நிர்ப்பீடனக் கலங்கள் மூளைக்கு விடுக்கும் செய்தியால் எழுவது. முதியவரிடத்தில் அச்செய்தி நலிந்து போவதால், கடுந்தொற்றின்போதும் உடல் சுடாதிருக்கக் கூடும். உணவில் வெறுப்பு, ஓயாத உறக்கம், தடுமாறிய பேச்சு என்பனவே அடையாளங்களாகலாம். எங்கள் அயலிலிருந்த முதியவர் ஒருவர் இரண்டு நாட்கள் கஞ்சியையும் ஒதுக்கிவிட்டுப் படுத்தே கிடந்தார். "காய்ச்சல் இல்லைத்தானே" என்று வீட்டார் ஆறுதலடைந்திருந்தனர். நியூமோனியா முற்றிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அன்றும் அவருடைய உடல்வெப்பம் 99 பாகையைத் தாண்டவில்லை. அவர் வீடு திரும்பவில்லை.