தேடு, காட்டு, அழி

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குச் சுருக்கம் என்பது புதிய சங்கதியன்று. ஐசக் பிற்மன் தமது சுருக்கெழுத்து முறையை 1837இல் வெளியிட்டார். கூட்டங்களுக்குப் போகும் நிருபர்கள் அதன் கோடுகளையும் புள்ளிகளையும் நம்பியே பிழைத்தார்கள். தந்தியிலோ சொல்லுக்குக் காசு என்பதால், மூன்று சொல்லை ஒன்றாக்கும் வித்தையை யாரும் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் ‘ஏலியஸ்’ என்றொரு வசதி உண்டு. மாற்றுப்பெயர் என்று தமிழில் சொல்லலாம். நாளும் பொழுதும் தட்டச்சிட வேண்டிய ஒரு நீளக் கட்டளைக்கு நாமே ஒரு குறும்பெயர் சூட்டுவது. 1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜோய் எழுதிய சி ஷெல்லில் இது இருந்தது. 1989இல் பிரையன் ஃபொக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ் ஷெல்லிலும் இருக்கிறது. இணையத்தில் ‘அவசியமான நூறு ஏலியஸ்கள்’ என்று பட்டியல் போடுவோர் பலர். அவற்றை அப்படியே பிரதி பண்ணிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ‘ஹிஸ்டரி’ என்று தட்டினால் நீங்கள் அடிக்கடி இடும் கட்டளைகள் எவையென்று தெரியும். அவற்றில் நீளமான நாலைந்துக்குப் பெயர் வைத்தால் போதும்.

என் நாலைந்தும் பழைய செய்திக் கோப்புகளோடு சம்பந்தப்பட்டவை. மட்டக்களப்புப் பகுதிச் செய்திகள், பெரும்பாலும் வாழைச்சேனை, கல்குடா, பாசிக்குடாப் பக்கத்தவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அச்சேறிய பெயர்ப்பட்டியல்களும் அவற்றில் அடக்கம். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இன்றும் யாராவது கேட்டு எழுதுவார்கள்: “ஐயா, எங்கட அப்பப்பாவின்ர பெயர் அந்தப் பட்டியலில வந்ததோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.” வந்தது அல்லது வரவில்லை என்று திட்டமாகச் சொல்ல வேண்டிய கேள்வி அது. ‘இருக்கலாம்’ என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

தேடுவதற்கு ‘கிரெப்’ என்ற கட்டளை. 1970களின் தொடக்கத்தில் கென் தொம்சன் எழுதியது. இன்றும் அதற்கு மூப்பு வரவில்லை. ஆனால் தமிழில் தேடுவோருக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. கட்டளையை ஆங்கில விசைப்பலகையில் அடித்து, தேடும் சொல்லுக்காகத் தமிழுக்கு மாறி, அடுத்த கட்டளைக்கு மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாளில் இருநூறு தடவை இப்படி மாறினால் விரலைவிட மனம்தான் களைக்கும். பாஷ் ஷெல்லில் மாற்றுப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் கோப்புறையில் ‘பாஷ்ஆர்சி’ என்ற மறைகோப்பைத் திறந்து, ஏலியஸ் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘தேடு’, சமக்குறி, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் கிரெப், இடைவெளி, இடைக்கோடு, ஆர், என். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. ஆர் என்றால் உட்கோப்புறைகளிலும் புகுந்து பார். என் என்றால் வரி எண்ணைச் சொல். இனி ‘தேடு பாசிக்குடா’ என்றால் வேலை முடிந்தது. முழு வரியும் தமிழ், விசைப்பலகை மாறவில்லை.

பாசிக்குடாவிலேயே ஒரு சிக்கல் வரும். ஒரு நிருபர் ‘பாசிக்குடா’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘பாசிகுடா’ என்று ஒற்றை விட்டிருப்பார். கிரெப் கட்டளையின் விரிந்த முறையில், இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்பதற்குக் கேள்விக்குறி இடுவார்கள். ‘க்’ என்பதன் பின்னால் வெறுமனே அதை இட்டால் அது புள்ளியை மட்டுமே பிடித்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யுனிகோட்டில் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. ஆகவே ‘க்’ என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்து அதன் பின்னரே கேள்விக்குறி இட வேண்டும். இந்தக் கோலத்தை ஒவ்வொரு முறையும் போட முடியாது என்பதால் ‘பாசிக்குடா’ என்றே ஒரு மாற்றுப்பெயர் வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயரைத் தட்டினால் இரு வடிவமும் வந்துவிடும்.

வேற்றுமை உருபும் இப்படித்தான். ‘மட்டக்களப்பு’ என்று தேடினால் ‘மட்டக்களப்பில்’ அகப்படாது. யுனிகோட்டில் ‘மட்டக்களப்ப’ என்று உகரத்தை விட்டுத் தேடினால் இரண்டும் வரும்.

இவ்வளவும் யுனிகோட் கோப்புகளுக்கு. 1990களிலும் 2000களிலும் ஈழத்து அச்சுவேலையில் கோலோச்சியது பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டச்சிட்ட கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டுகிறது. ‘கடல்’ என்பது கணினிக்கு எஃப், எல், வை, அரைப்புள்ளி. டிஸ்கி முறையில் அமைந்த கோப்பென்றால் லினக்ஸின் ‘ஐகான்வ்’ ஒரே வரியில் மாற்றிக் கொடுக்கும். பாமினியை அதற்குத் தெரியாது. ‘செட்’ கட்டளையால் ஒவ்வோர் எழுத்தாகப் பிரதியிட வேண்டும். அதிலும் நீளமான சேர்க்கை முதலில்: ‘கொ’வை மாற்றாமல் ‘கெ’யை மாற்றினால் கொம்புக்குப் பின்னால் ஒரு கால் அநாதையாக நிற்கும்.

இங்கேதான் மாற்றுப்பெயர் ஆபத்தாகும் இடம். இணையப் பட்டியல்களில் தவறாமல் வரும் ஒரு யோசனை, கிரெப் என்ற பெயருக்கே ‘இடைக்கோடு ஐ’ சேர்த்து மாற்றுப்பெயர் வைப்பது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராதே என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்துக்கு அது நல்ல வசதி. பாமினியில் சிறிய எஃப் ககரம், பெரிய எஃப் ‘கு’. சிறிய கே மகரம், பெரிய கே ‘மு’. கடலைத் தேடினால் குடலும் வரும், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பெயர்ப்பட்டியலில் கணபதியும் குணபதியும் ஒருவராகிவிடுவர். வரி எண்ணை மட்டும் எண்ணிக் கணக்குச் சொல்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. இறந்தோர் பட்டியலில் பெயர் மாறுவது எத்தகைய பிழை என்பதை அச்சுக்கூடத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் எனக்கு ஒரு விதி: இருக்கும் கட்டளையின் பெயரை மாற்றுப்பெயராக வைப்பதில்லை. கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்கும் இது பொருந்தும். ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகியின் கணக்கில், அழிக்கும் முன் கேட்கும்படி அதே பெயரிலேயே ஒரு மாற்றுப்பெயர் வைத்திருப்பார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் கேள்வி வரும் என்று பழகிய கை, வேறொரு கணினியில் அதே இரண்டெழுத்தைத் தட்டும்போது கேள்வியே வராது, கோப்புப் போய்விடும். கேட்டு அழிப்பதற்கு ‘அழி’ என்று புதுப்பெயர் வைத்தால், மற்றக் கணினியில் ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்று மட்டுமே பதில் வரும். ஒரு சொல் உண்மையான கட்டளையா மாற்றுப்பெயரா என்ற ஐயம் எழுந்தால் ‘டைப்’ என்று எழுதி அந்தச் சொல்லை இடுங்கள், கணினியே சொல்லும். மாற்றுப்பெயரைத் தவிர்த்து மூலக்கட்டளையை அழைக்க முன்னால் பின்சாய்வுக்கோடு ஒன்று.

மாற்றுப்பெயர் தேவைப்படாத குறுக்குவழிகளும் உண்டு. கண்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் முன்பு இட்ட கட்டளைகளுக்குள் தேடலாம். ஆல்ட்டும் முற்றுப்புள்ளியும் முந்திய வரியின் கடைசிச் சொல்லைக் கொண்டுவரும். ‘சிடி’ என்று எழுதி இடைவெளி விட்டு இடைக்கோடு இட்டால் சற்று முன்னிருந்த கோப்புறைக்குத் திரும்பலாம். நீளமான கோப்புறைப் பெயர்களோடு மாரடிப்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இன்னொன்று. இரவில் தானாக ஓடும்படி எழுதிவைக்கும் நிரல்களில் மாற்றுப்பெயர் செல்லாது. ஊடாடும் திரையில் மட்டுமே பாஷ் அதை விரிக்கும். அங்கே முழுக்கட்டளையையே எழுத வேண்டும். இதை ஒரு குறையாக நான் கருதுவதில்லை. சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை எழுதியவரைத் தவிர வேறெவரும் முழுதாக வாசித்ததில்லை. நிருபர் போனபின் அந்தக் கொப்பிகள் வெறுங்கோடுகளே. என் பாஷ்ஆர்சிக் கோப்பில் பதினொரு மாற்றுப்பெயர்கள். ஒவ்வொன்றின் மேலும் சதுரக் கட்டக் குறியிட்டு, அது என்ன செய்கிறது, பாமினிக் கோப்புக்கா யுனிகோட்டுக்கா என்று ஒரு வரி தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தக் கோப்பின் பிரதியொன்று செய்திக் கோப்புகளோடு அதே தட்டில் இருக்கிறது.