சாயத்தால் கெட்ட கிணறும், மகள் கேட்ட சாயத்தொட்டியும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடிக்க, சமைக்க எல்லாம் குழாய்த் தண்ணீர்தான். கிணறு தென்னைக்கும் மரவள்ளிக்கும் மட்டும்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். திருமணிமுத்தாறு கூப்பிடு தூரம். சேர்வராயன் மலையிலிருந்து தெளிவாகக் கீழே இறங்குகிற ஆறு, சேலம் டவுனைத் தாண்டுவதற்குள் வேறு ஆறாகிவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதில் துணி துவைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் சிவப்பாக வரும், ஒரு நாள் ஊதாவாக வரும். நாலைந்து வருஷத்தில் கிணறு உப்பேறிவிட்டது. மஞ்சள் நட்டால் இலை ஓரம் கருகியது. வாழை குலை தள்ளாமல் நின்றது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரவள்ளிக்கு வந்தோம். (சாயத்தை மட்டும் திட்டினால் நியாயமில்லை. நாங்கள் விற்கிற கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற ஆலைகளின் கழிவும் ஆற்றில் கலந்ததுண்டு. அந்தப் புளித்த வாடையும் எங்களுக்குப் பழக்கம்தான்.)

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவும்போது என் மகள் சொன்னாள்: "அம்மா, நம்ம தோட்டத்துல ஒரு மூணு சென்ட் குடும்மா. சாயத்தொட்டி கட்டணும்."

துணித் தொழில் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள் அவள். வேலையை விட்டுவிட்டு, அச்சுக்கட்டையால் துணியில் பூ அடிக்கிற தொழிலை வீட்டிலேயே தொடங்கவேண்டும் என்கிறாள். சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது, போதாது. என் சங்கிலியை அடகு வைக்கக் கேட்டாள். சங்கிலி பெரிசில்லை எனக்கு. 'சாயத்தொட்டி' என்ற சொல்தான் வயிற்றைப் புரட்டியது.

"கெணத்தைக் கெடுத்ததே அதுதான் கண்ணு. அதை நாமளே கொண்டாந்து வைக்கிறதா?"

"இது அந்தச் சாயம் இல்லம்மா. கடுக்காயும் வேரும் பட்டையும். நீ வந்து பாரு. அப்புறம் வேண்டாம்னா விட்டுடறேன்."

அவங்கப்பாவிடம் கேட்டேன். "நீ போய்ப் பார்த்துட்டு வா. நீ சரின்னா எனக்கும் சரி" என்று பழியை என் தலையில் கட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அப்படித்தான் நானும் மகளும் சேலத்தில் ரயில் ஏறி விஜயவாடா போய், அங்கிருந்து குடிவாடா வழியாக மசூலிப்பட்டணம் போகும் ரயிலில் பெடனா என்ற ஊரில் இறங்கினோம். மசூலிப்பட்டணம் கலம்காரி என்று சொல்லப்படும் அச்சுத்துணி இந்த ஊரில்தான் அதிகம் தயாராகிறது. நாலு நாள் பயிற்சி. கை நிறைய ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு கட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர்களோடு பழகி எனக்கும் ஓரளவு வரும். அந்தத் தெலுங்கைக் கேட்டு பட்டறைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முறுக்கைத் தின்ற பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது.

முதல் நாள் அச்சே இல்லை. காடாத்துணியைச் சாணம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் காயப்போட்டு வெளுக்கும் வேலை. வாசல் தெளிக்கிற சாணம் துணியையும் வெளுக்கும் என்று ஐம்பது வயசுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் முக்கிக் காய வைத்தார்கள். துணி வெளிர் மஞ்சளானது. கையால் வரையும் கலம்காரி நடக்கிற காளஹஸ்திப் பக்கம் இதோடு எருமைப்பாலும் சேர்ப்பார்களாம். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

கறுப்புச் சாயப் பானையைத் திறந்தபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர். பதினைந்து இருபது நாள் மூடிவைத்துப் புளிக்க விடுகிறார்கள். நம் ஜீவாமிர்தம், மீன் அமிலம் எல்லாம் செய்கிற கை அது. ஆனால் பானையில் இருப்பது கறுப்பே இல்லை, அழுக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கண் முன்னாலேயே கறுக்கிறது. வாழைப்பூ நறுக்குகிற அரிவாளும் நம் விரலும் கறுத்துப் போகுமே, அதே சங்கதி. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

சிவப்புக்கு வேறு வித்தை. படிகாரக் கரைசலைப் பிசினில் குழைத்து அச்சு அடிக்கிறார்கள். அடித்த இடத்தில் சிவப்பு வராது. துணியை அலசிக் காயவைத்து, பெரிய செப்புக் கொப்பரையில் வேர், பட்டையோடு கொதிக்க வைக்கும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தைப் பிடித்துச் சிவக்கும். மஞ்சிட்டி போடுவார்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் சிவப்புக்கு வேம்பாளம்பட்டை போடுவோம் இல்லையா, அதுவும் போடுவார்கள். பழைய காலத்தில் சோழமண்டலக் கரை முழுக்க சாயவேர்தான். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் தருவார்கள், அதுதான். அந்தச் சிவப்பைத் தேடித்தான் வெள்ளைக்காரன் கப்பல் கட்டிக்கொண்டு வந்தான். 1611-லேயே ஆங்கிலேயர் மசூலிப்பட்டணத்தில் பண்டசாலை போட்டுவிட்டார்கள். நம் அச்சுத்துணி அங்கே அள்ளிக்கொண்டு போனதால் அவர்கள் ஊர் நெசவாளிகள் கூச்சல் போட, 1686-ல் பிரான்ஸும், 1700-லும் 1721-லும் இங்கிலாந்தும் சட்டம் போட்டுத் தடுத்தன. அப்புறம் 1868-ல் ஜெர்மனியில் அலிசரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்தார்கள். 1897-ல் நீலம் கடைக்கு வந்தது. வேர் தோண்டியவர்களுக்கும் அவுரி விதைத்தவர்களுக்கும் பிழைப்பு போயிற்று. நமக்குக் கிழங்கு விலை விழும்போது வயிறு எரிகிற மாதிரிதான் அவர்களுக்கும் எரிந்திருக்கும்.

பட்டறைக்காரர் ஒளிவு மறைவு இல்லாதவர். "வேர் போட்டுக் கொதிக்கிற துணியும் உண்டு, அலிசரின் போட்டுக் கொதிக்கிற துணியும் உண்டு. விலைக்குத் தகுந்தாற்போல" என்றார். மகள் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது.

இரண்டாம் நாள் கட்டை கையில் கொடுத்தார்கள். தேக்கில் செதுக்கியது. என் உள்ளங்கை அளவு பூவும் கொடியும். எண்ணெயில் ஊறி வழவழவென்று இருந்தது. கோட்டுக்கு ஒரு கட்டை, உள்ளே நிரப்ப இன்னொன்று. நிறத்துக்கு ஒன்றாக நாலு கட்டைகூட ஒரு பூவுக்கு வேண்டியிருக்கும். சாயத் தட்டில் மூங்கில் பின்னலும் அதன்மேல் துணி மெத்தையும் இருக்கும். அதில் கட்டையை ஒற்றி எடுத்து, துணியில் வைத்து, மூடிய கையின் ஓரத்தால் ஓங்கி ஒரு குத்து. மேசையில் சாக்கும் துணியும் அடுக்கடுக்காக விரித்திருப்பதால் கட்டை நன்றாகப் பதியும்.

பார்க்கும்போது சுலபம். களை வெட்டுகிற கைதானே என்று நினைத்தேன். முதல் வரிசையில் ஐந்து பூ நேராக நின்றது. ஆறாவது பூவிலிருந்து வரிசை தென்கிழக்கே கிளம்பிவிட்டது. கட்டையின் மூலையில் சின்னப் புள்ளி இருக்கிறது, முந்தின பூவின் புள்ளி மேல் இதை வைக்கவேண்டும் என்று பக்கத்து மேசை அம்மா காட்டிக்கொடுத்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவர் கை கட்டையைத் தூக்குவதும் வைப்பதும் குத்துவதும் நாற்று நடுகிற கை மாதிரியே இருந்தது. கண் வேறெங்கோ பார்க்கும், வரிசை தப்பாது. மத்தியானத்துக்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அந்த அம்மா சாயங்காலம் வரை அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைக்கவேண்டும் என்று கிளம்பினார். மகளிடம் அன்று ராத்திரி சொன்னேன்: "ஒருத்தியா செய்யற வேலை இல்ல இது. உனக்கு ரெண்டு பேராவது வேணும். அவங்களுக்குக் கூலி எங்கிருந்து வரும்னு முதல்ல கணக்குப் போடு." அவள் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். போட்டுத்தான் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அலசப் போனோம். நான் ஊரைவிட்டு வந்ததே இதைப் பார்க்கத்தான். கிருஷ்ணா நதியின் பாசனக் கால்வாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில்தான் அலசவேண்டும், தேங்கின தண்ணீரில் அலசினால் பிடிக்காத சாயம் மறுபடி வெள்ளை இடத்தில் ஏறிக்கொள்ளும். துணியை நீளமாக விட்டதும் கறுப்பும் பழுப்புமாகத் தண்ணீரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் ஆற்றில் முதல் முதலாக நிறத்தைப் பார்த்த நாளும் அப்படித்தான் இருந்தது.

"இது கீழே யார் வயலுக்குப் போகுது?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நெல் வயலுக்குத்தான்" என்றார். "நாங்கள் கொஞ்சம் பேர், கால்வாய் பெரிசு. கோடையில் கால்வாயை மூடிவிட்டால் எங்களுக்கே அலசத் தண்ணீர் கிடையாது" என்றார்.

அவருக்குப் பெரிய கால்வாய் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு கிணறு.

ரயிலில் திரும்பும்போது அம்மாவும் மகளும் சண்டைதான். அவள் சொன்னதில் ஒன்று எனக்குப் புதிது. நம் ஆற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகமாம். இப்போதைய பருத்திச் சாயங்கள் நூலில் ஏறவேண்டும் என்றால் தொட்டியில் கிலோ கிலோவாக உப்பு கொட்டவேண்டும். அந்த உப்புதான் மண்ணில் தங்குகிறது. கடுக்காய்ச் சாயத்துக்கு அந்த உப்பு வேண்டாம். "சரி, படிகாரம்? துருத்தண்ணி? அதெல்லாம் என்ன தேனா?" என்றேன். அவளிடம் பதில் இல்லை. அவளும் படித்தது துணியைத்தான், மண்ணை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த முறையில் பார்த்தேன். மகள் இரண்டு மீட்டர் துணியைக் கொல்லிமலைக் கடுக்காயில் முக்கி, படிகாரமும் இரும்பும் அடித்து, அண்டாவில் அலசினாள். அந்தத் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்தேன். நாலு மண்சட்டியில் ஒரே மண், சட்டிக்கு இருபது பாசிப்பயறு. ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர். ஒன்றுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதுக்கு முதல் அலசல் தண்ணீர். நாலாவதுக்கு அதே முதல் அலசலில் சுண்ணாம்பு கலந்து, ஒரு ராத்திரி விட்டு, மேலே தெளிந்தது.

பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தோம். குழாய்த் தண்ணீரில் பத்தொன்பது முளைத்து நன்றாக இருந்தது. முதல் அலசலில் பதினொன்று. அதிலும் வேர் குட்டையாய், நுனி பழுப்பாய். சுண்ணாம்பு போட்டுத் தெளிந்ததில் பதினேழு, வேர் ஓடியிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பதிமூன்று. சொந்தக் கிணறு மகளின் முதல் கழுநீருக்கு இரண்டு பயறுதான் மேல். அதைப் பார்த்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டி அடியில் சுண்ணாம்போடு பழுப்பாக ஒரு வண்டல் தங்கியிருந்தது. அதை எங்கே போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கிறது.

மூன்று சென்ட் கொடுத்திருக்கிறேன். கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், மேட்டில். தார்பாய் விரித்த இரண்டு குழி: முதல் அலசல் ஒன்றில், சுண்ணாம்பு போட்டுத் தெளியவைப்பது இன்னொன்றில். கடைசி அலசல் தண்ணீர் மட்டும் நாலு தென்னைக்கு. அந்த நாலு மரத்தின் பட்டையில் சுண்ணாம்பால் குறி போட்டு வைத்திருக்கிறேன், மட்டை எப்படி வருகிறது என்று பார்க்க. கடையில் வாங்கும் செயற்கைச் சாயம் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றாள், ஆனால் "அலிசரின் இல்லாம அந்த விலைக்கு யாரும்மா வாங்குவாங்க" என்று அவள் நோட்டில் ஒரு பக்கம் கணக்கு ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

கிழங்கு பிடுங்கின கால் ஏக்கரில் அவுரி விதைத்திருக்கிறோம். பயறு வகைச் செடிதான், சாயம் எடுக்கத் தெரியாமல் போனாலும் மடக்கி உழுதால் தழைச்சத்தாவது மண்ணுக்குப் போகும். திண்டிவனம் பக்கம் இலையை ஊறவைத்து நீலம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அவுரி எந்த அளவுக்குத் தாங்கும், முதல் அறுப்பை எப்போது வைப்பது என்று, வளர்த்த அனுபவம் உள்ள வாசகர்கள் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

பெடனாவில் நான் அடித்த துணி கயிற்றுக் கட்டிலின் மேல் விரிப்பாகக் கிடக்கிறது. ஆறாவது பூவிலிருந்து கோணல். சங்கிலி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் நாலு சட்டியும் மறுபடி விதைக்கிறேன், இந்தத் தடவை சட்டிக்கு ஐம்பது பயறு.