எனக்கேற்ற பலகை

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவன் புதிதாக ஒரு வித்தை கற்கப் புறப்பட்டால் வீட்டார் சிரிப்பார்கள். அந்த வித்தை கடலலையின் மேல் பலகை போட்டு நின்று செல்வதென்றால் ஊராரும் சேர்ந்து சிரிப்பார்கள். இரண்டு சிரிப்பையும் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. நம் நாட்டு ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் வென்றது அதுவே முதல் தடவை. என் மார்பு விம்மிற்று. அதோடு நிறுத்திக் கொண்டேனா? மறு வாரமே பன்னிரண்டு வயது மகளுடன் கோவளத்துக்குப் போய், வீரர்கள் வைத்திருந்ததைப் போலவே ஆறடி நீளமும் கூரிய மூக்கும் கொண்ட பலகைகள் இரண்டு வேண்டுமென்றேன்.

கற்றுக்கொடுக்க வந்த மீனவ இளைஞர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க எடை எவ்வளவு?"

"எழுபது கிலோ. ஏன் தம்பி?"

"இந்தப் பலகை முப்பது லிட்டர்கூட இல்லை, சார். உங்களைத் தாங்காது."

பலகையின் பருமனை லிட்டரில் அளப்பார்கள். பருமன் கூடக்கூட மிதப்பும் கூடும். புதிதாகப் பழகுகிறவனுக்கு அவன் எடை எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை லிட்டராவது வேண்டும். தேர்ந்தவருக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. அவருடைய வேகமே அவரைத் தாங்கிவிடும். நமக்கு அந்த வேகம் ஏது? எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள அகலப் பலகைதான் சிறிய அலையிலும் சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். எழுந்து நிற்கும்போது அதிகம் ஆடாது. அதன் மேற்புறம் மிருதுவாயிருப்பது விழுகிறவன் தலையைக் காப்பதற்காக.

இவ்வளவையும் அவர் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. மகளுக்கு மட்டும் அவர் பிடிவாதமாகப் பெரிய பலகையைக் கொடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் உப்புநீர் குடித்தேன். கடைசியாகக் கவிழ்ந்தபோது பலகையின் மூக்கு என் புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மகள் தன் பெரிய பலகையின் மேல் நின்றபடி சிரித்துக்கொண்டே கரையை நோக்கி வந்தாள். அந்தக் கூரிய பலகையை அவளுக்கும் கேட்டவன் நான்தானே என்ற நினைவு, புருவத்தைவிட அதிகமாக வலித்தது.

கரையில் ஒரு முதியவர் கட்டுமரத்தைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தார். கடலுக்கும் தொழிலுக்கும் தக்கபடி மரங்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றிக் கட்டுவது நம் கடற்கரையின் பழைய வழக்கம். அடுத்தவர் கட்டுமரம் அழகாயிருக்கிறதென்று அதைப் போலக் கட்டிக்கொண்டு அவர்கள் கடலில் இறங்குவதில்லை.

புருவம் ஆறியபின் மீண்டும் போனேன். இளைஞர் ஒன்றும் பேசாமல் ஒன்பதடிப் பலகையை நீட்டினார். "முருகா" என்று சொல்லி முடிக்கும் நேரம் அதன் மேல் நின்றேன். வீட்டார் இன்னமும் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சேர்ந்துகொள்கிறேன்.