கட்டை வெச்சாச்சுப்பா!

 

எங்கப்பா கொல்லிமலை அடிவாரத்தில் ஜீப் மெக்கானிக். மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. பலா, அன்னாசி, மிளகு மூட்டையோடு ஆட்களும் ஏறி வர்ற வண்டிகள்தான் எங்க பட்டறைக்கு வரும். லீவு நாளில் நான்தான் அப்பாவுக்கு உதவி. அதில் நான் கற்றுக்கொண்ட ஒரு வேலையை உங்களுக்குச் சொல்கிறேன்.

இன்ஜின் சுற்றுவதைக் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்க்குப் பேர் ஷாப்ட். அதன் இரண்டு முனையிலும் உண்டிவில் கவட்டை மாதிரி இருப்பது யோக். இந்தக் கவட்டையையும் எதிர்க் கவட்டையையும் சேர்ப்பது கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு. அதுதான் கிராஸ். மேடு பள்ளத்தில் அச்சு ஏறி இறங்கினாலும் ஷாப்ட் வளைஞ்சு கொடுத்துச் சுற்றுவது இதனால்தான். 1665-ல் செல்லைப் பற்றி எழுதினார்னு படிக்கிறோமே ராபர்ட் ஹூக், அவர் பேரில்தான் இதை ‘ஹூக் ஜாயிண்ட்’ என்றும் சொல்கிறார்கள்!

கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’குனு சத்தம் வந்தாலோ, வேகத்தில் வண்டி அதிர்ந்தாலோ கிராஸ் தேய்ந்திருக்கலாம். அப்போ ஷாப்ட்டை இறக்கிப் பார்க்கணும். போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்னாடி இரண்டு வேலை இருக்கு. இரண்டும் என் பொறுப்பு.

முதல் வேலை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது. கியரில் போட்டுத்தானே நிறுத்தியிருக்குன்னு நினைக்கக் கூடாது. ஷாப்ட் கழன்றதும் கியருக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சில பழைய ஜீப்பில் கைபிரேக்கும் ஷாப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அதுவும் போயிடும். வண்டி உருண்டால் கீழே படுத்திருப்பது எங்கப்பா.

இரண்டாவது வேலை, குறி போடுவது. ஷாப்ட் சாய்வாகச் சுற்றும்போது ஒரு கிராஸ் ஒரே சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூட்டி, இரண்டு தடவை குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்டும். அதுக்கு ஷாப்ட்டின் இரண்டு யோக்கும் ஒரே நேராக நிற்கணும். நடுவில் உருவி மாட்டுகிற பல் இணைப்பைத் திருப்பிப் போட்டுட்டா, புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

பிறகு அப்பா லாக்கை எடுத்து, நான்கு கிண்ணத்தையும் வெளியே தள்ளுவார். கிராஸின் கையை நகத்தால் தடவிப் பார்ப்போம். நகம் தட்டுற மாதிரி கோடு விழுந்திருந்தா மாத்தணும். புதுக் கிண்ணத்துக்குள் ஊசி மாதிரி உருளைகள் வரிசையா நிற்கும். கிரீஸ்தான் அதைப் பிடிச்சு வைக்கும். ஒண்ணு சாய்ஞ்சு விழுந்தாலும் கிண்ணம் முழுசா உட்காராது, லாக்கும் ஏறாது. கடைசியில் குறிக்குக் குறி சேர்த்து மாட்டி, கிரீஸ் அடிச்சா வேலை முடிஞ்சது.

“பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று அத்தை கேட்பாங்க. அப்பா பதில் பேச மாட்டார். ஆனா நான் “கட்டை வெச்சாச்சுப்பா” என்று சொல்லாமல் எந்த வண்டிக்கு அடியிலும் போக மாட்டார். அத்தைக்கு அதுதான் பதில் என்று நான் நினைக்கிறேன்.

பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்வதே என் ஆசை. நீங்களும் அடுத்த தடவை ஜீப்பில் ஏறினால், அடியில் ‘டக்’ கேட்குதான்னு கவனியுங்க. கேட்டால் டிரைவர் அண்ணாவிடம் சொல்லுங்க!


— ஒன்பதாம் வகுப்பு மாணவி