ஆறு நிமிடக் கணக்கு

2011இல் எங்கள் கால்சென்டர் மூடப்பட்டபோது வெள்ளைக்காரனைத்தான் திட்டினேன். சென்னை ஓ.எம்.ஆரில் இருந்தோம். பிரிட்டனில் கரண்ட் பில் கட்டுகிறவர்களின் அழைப்புகள் எங்களுக்கு வரும். நான் டீம் லீடர். அந்த ஆண்டுதான் சான்டாண்டர் வங்கியும் பெங்களூரு, புனேயிலிருந்து அழைப்புகளைப் பிரிட்டனுக்கே எடுத்துக்கொண்டு அங்கே 500 பேருக்கு வேலை கொடுத்தது. வாடிக்கையாளர் புகார்தான் காரணம் என்றார்கள். “அவன் ஊர்க்காரனுக்குச் சோறு போட நம்ம வயித்துல அடிக்கிறான்” என்று டீக்கடையில் கத்தினேன். அது பாதிக் கதை.

ஒரு அழைப்பு ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு மூதாட்டி, இறந்துபோன கணவரின் பெயரை பில்லிலிருந்து எடுக்கக் கூப்பிட்டார். பேச்சு கணவரைப் பற்றியே போயிற்று. ‘ஜென்னி’ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். ஐந்தரை நிமிடம் ஆனதும் அவள் பின்னால் நின்று, விரலால் வெட்டிக் காட்டினேன். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டாள். அந்த அம்மா அதே வாரத்தில் நான்கு முறை மறுபடி அழைத்தார். நான்கும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்தன. மாதக் கடைசியில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

சில வருடம் கழித்து, இன்ஷூரன்ஸ் அழைப்புகளைக் கையாளும் உள்ளூர் கம்பெனியில் சேர்ந்தேன். சிறுநகரங்களில் பிபிஓ தொடங்கினால் ஓர் இருக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவி என்ற திட்டம் வந்திருந்தது. மொத்தம் 48,300 இருக்கைகள். சென்னைக்குக் கிடையாது. முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்து, தமிழ் அழைப்புகளை நெல்லைப் பக்கம் மாற்றினார். ஆள் எடுத்துப் பழக்க என்னை அனுப்பினார்.

போனதும் பழைய புத்தி. ஊர்ப் பேச்சு கூடாது, ஆறு நிமிடம் தாண்டக் கூடாது என்றேன். மூன்றாம் நாளே ஒரு பெரியவர், பணம் கட்டியும் பாலிசி ரத்தாகிவிட்டதென்று போனில் குதித்தார். புதுப்பெண் பதறவில்லை. “கோவப்படாதிய அண்ணாச்சி, எங்க கட்டுனிய, எப்பம் கட்டுனிய, நிதானமா சொல்லுங்க” என்றாள். என் விரல் தானாக எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. ரசீது எண்ணைக் கண்டுபிடித்துப் பாலிசியைச் சரிசெய்தாள். பெரியவர் மறுபடி கூப்பிடவே இல்லை.

அவளுக்கு அவர்கள் குலசாமியின் பெயர். அதைச் சொல்லித்தான் இன்றும் போன் எடுக்கிறாள்.